பட்டாணி எண்ணிய மனிதரும் நான் கிழித்த பக்கமும்



இந்த முறை சுவரிதழில் கிரிகர் மெண்டலின் வாழ்க்கை வரலாற்றை நான் எழுதுகிறேன். நானா ஆசைப்பட்டு எடுத்த தலைப்புன்னு நினைச்சிடாதீங்க. எனக்குத் தண்டனையா கிடைச்ச தலைப்பு இது. ஏன் தண்டனைன்னு முதலிலேயே சொல்லிடறேன். இல்லேன்னா இந்த வரலாறு பாதிதான் புரியும்.

எங்க தாவரவியல் லேப் கதவுக்குப் பக்கத்தில் ஒரு அட்டை தொங்கும். எல்லாரும் பார்த்திருப்பீங்க. ரெக்கார்டு நோட்டு இல்லாமல் உள்ளே வராதே. பிளேடை உடம்புக்கு எதிர்ப் பக்கமா நகர்த்தி வெட்டு. தேவைக்கு மேல் ஒரு இலை கூடப் பறிக்காதே. முதலில் குறைந்த உருப்பெருக்கம், அப்புறம்தான் அதிகம். மைக்ரோஸ்கோப் கண்ணாடியை நேர் வெயிலுக்குத் திருப்பாதே. படம் பென்சிலால் மட்டும், பாகம் குறிப்பது வலது பக்கம். புத்தகத்தில் இருப்பதை வரையாதே, நீ பார்த்ததை வரை. கடைசியா ஒரு வரி: அப்சர்வேஷன் நோட்டில் எதையும் அழிக்காதே, எந்தப் பக்கத்தையும் கிழிக்காதே.

அந்தக் கடைசி வரியைத்தான் நான் மீறினேன்.

பிராக்டிகல் வகுப்பில் ஆளுக்கு இரண்டு டப்பா கொடுத்தாங்க. ஒவ்வொன்றிலும் 50 சிவப்பு மணி, 50 வெள்ளை மணி. கண்ணை மூடிக்கிட்டு டப்பாவுக்கு ஒரு மணி எடுக்கணும். இரண்டில் ஒன்றாவது சிவப்பா இருந்தால் ஓங்கு பண்பு. இரண்டும் வெள்ளையா இருந்தால் ஒடுங்கு பண்பு. குறித்துவிட்டு மணிகளைத் திரும்பப் போட்டுக் குலுக்கணும். இப்படி 40 தடவை. புத்தகத்தில் உள்ள 3:1 படி 30:10 வரணும். எனக்கு வந்தது 26:14.

எங்கேயோ தப்பு பண்ணிட்டேன்னு பயந்துட்டேன். பக்கத்தில் எட்டிப் பார்த்தால் அவங்க 30:10 எழுதியிருந்தாங்க. நானும் அந்தப் பக்கத்தைக் கிழிச்சுப் போட்டுட்டு 30:10 என்று அழகா எழுதி, அடியில் ஸ்கேல் வெச்சு கோடும் போட்டேன்.

அடுத்த நாள் நோட்டு திரும்பி வந்தப்போ கையெழுத்து இல்லை. எங்க வகுப்பில் 30 பேர். அதில் 22 பேர் 30:10 எழுதியிருந்தோம். குலுக்கி எடுத்த மணி 22 பேருக்கு ஒரே மாதிரி வருமான்னு டீச்சர் கேட்டப்போ யாரும் வாயைத் திறக்கலை. மறுபடி செய்யாதவர்களுக்கு ரெக்கார்டில் கையெழுத்து கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. கையெழுத்து இல்லேன்னா பிராக்டிகல் மதிப்பெண் போயிடும். பக்கத்தையே கிழிச்சவ நான் ஒருத்திதான். அதனால எனக்கு மட்டும் கூடுதலா, மெண்டல் வாழ்க்கையைப் படித்து சுவரிதழில் எழுதணும்னு உத்தரவு.

படிச்சேன். படிச்ச பிறகு இது தண்டனை மாதிரியே தெரியலை. இனி அவர் கதை.

ஏழை விவசாயி வீட்டுப் பையன்

மெண்டல் 1822-ஆம் ஆண்டு ஜூலை மாதம் பிறந்தார். ஊர் ஹைன்சென்டார்ஃப். அப்போது அது ஆஸ்திரியப் பேரரசில் இருந்தது. இன்று செக் குடியரசில் ஹின்சிட்சே என்ற பெயரில் இருக்கிறது. பெற்றோர் வைத்த பெயர் யோஹான். அப்பா அன்டன் ஒரு விவசாயி. அந்தக் காலத்து முறைப்படி வாரத்தில் மூன்று நாள் நிலப்பிரபுவுக்கு உழைக்கணும். மீதி நாளில்தான் சொந்த நிலம். அந்த வீட்டுத் தோட்டத்தில்தான் பையன் மரம் ஒட்டுக் கட்டவும் தேனீ பார்க்கவும் கற்றுக்கொண்டான்.

பையன் நல்லா படிக்கிறான்னு வெளியூர்ப் பள்ளிக்கு அனுப்பினாங்க. ஆனால் முழுச் சாப்பாட்டுக்குப் பணம் கட்ட முடியலை. பாதிச் சாப்பாட்டுக்குத்தான் கட்ட முடிந்தது. பல நாள் பசியோடுதான் படிப்பு. 1838-இல் வேலை செய்யும்போது மரம் விழுந்து அப்பாவுக்குப் பலத்த அடி. அதற்குப் பிறகு அவரால் பழையபடி உழைக்க முடியலை. பதினாறு வயதுப் பையன் மற்ற பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துத் தன் செலவைப் பார்த்துக்கொண்டான். நடுவில் உடம்பும் மனசும் தளர்ந்து வீட்டுக்குத் திரும்பிப் பல மாதம் படுத்தே கிடந்ததும் உண்டு.

அப்போது கை கொடுத்தது யார் தெரியுமா? தங்கை தெரேசியா. தன் கல்யாணத்துக்கு வரவேண்டிய சீர்ப் பங்கில் ஒரு பகுதியை அண்ணன் படிப்புக்குக் கொடுத்தாள். மெண்டல் அதை மறக்கலை. பிற்காலத்தில் அவளுடைய மகன்கள் படிக்க அவர் உதவினார்.

1843-இல் ப்ரூன் நகரத்தில் இருந்த புனித தாமஸ் துறவு மடத்தில் சேர்ந்தார். இன்றைய பெயர் பர்னோ. அங்கேதான் கிரிகர் என்ற பெயர் கிடைத்தது. அவருக்கு இறைப்பற்று உண்டு. ஆனால் சாப்பாட்டுக் கவலை இல்லாமல் படிக்க அவருக்கு வேறு வழியும் இல்லை என்பதும் உண்மை. மடத்துத் தலைவர் நாப் அறிவியலில் ஆர்வம் உள்ளவர். பெரிய நூலகம், தோட்டம் எல்லாம் அங்கே இருந்தது.

தேர்வில் தோற்ற ஆசிரியர்

குருப்பட்டம் வாங்கியதும் நோயாளிகளைப் பார்த்து ஆறுதல் சொல்லும் வேலை கொடுத்தாங்க. அவங்க படும் வேதனையைப் பார்த்து இவரே நோயில் விழுந்துட்டார். இவருக்கு இது சரிப்படாதுன்னு புரிந்துகொண்ட நாப், 1849-இல் ஸ்னைம் என்ற ஊருக்குப் பள்ளியில் பாடம் நடத்த அனுப்பினார். பிள்ளைகளுக்கு அவரை ரொம்பப் பிடித்துப் போச்சு.

ஆனால் நிரந்தர ஆசிரியர் ஆகணும்னா தேர்வு எழுதணும். 1850-இல் எழுதினார். தோற்றார். அதுவும் எதில்? இயற்கை வரலாற்றில்! பிற்காலத்தில் உயிரியல் புத்தகம் ஒவ்வொன்றிலும் பெயர் வரப்போகிற மனிதர், உயிரியலில் பெயில். 1856-இல் இன்னொரு தடவை போனார். உடம்பு சரியில்லாமல் பாதியிலேயே திரும்பிட்டார். கடைசி வரைக்கும் அவர் தேர்வு பெற்ற ஆசிரியர் ஆகவே இல்லை. 1854 முதல் 1868 வரை ப்ரூன் பள்ளியில் மாற்று ஆசிரியராகவே பாடம் நடத்தினார். மார்க் குறைஞ்சதுக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிற நாமெல்லாம் இதைக் கொஞ்சம் யோசிக்கணும்.

ஆனா அந்தத் தோல்வியில் ஒரு நன்மையும் நடந்தது. 1851-இல் இருந்து 1853 வரை நாப் அவரை வியன்னா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். அங்கே இயற்பியல் நடத்தியவர்களில் ஒருவர் கிறிஸ்டியன் டாப்ளர். ஆமாம், நம்ம பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் வருகிற டாப்ளர் விளைவு டாப்ளரேதான். தாவரவியல் நடத்தியவர் ஃபிரான்ஸ் உங்கர். ஒரு சோதனையை எப்படித் திட்டமிடுவது, எப்படி எண்ணிக் கணக்குப் பார்ப்பது என்பதை அங்கே கற்றார். செடியைப் பார்த்து வர்ணித்துக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், செடியை எண்ணணும்னு அவருக்குத் தோன்றியதற்கு இந்தப் படிப்பு பெரிய காரணம்.

35 மீட்டர் தோட்டம்

இனிமேல்தான் நம்ம லேப் அட்டை நினைவுக்கு வரும், பாருங்க.

மடத்துத் தோட்டத்தில் சுமார் 35 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் உள்ள ஒரு துண்டு நிலம். அதுதான் அவருடைய லேப். பட்டாணியைத் தேர்ந்தெடுத்ததிலேயே அவர் கவனம் தெரிகிறது. பட்டாணிப் பூவில் மகரந்தப் பைகளும் சூலகமுடியும் படகு அல்லிக்குள் மூடி இருக்கும். தன் மகரந்தம்தான் தன் மேல் விழும். வெளி மகரந்தம் நுழைவது அபூர்வம்.

விதைக் கடைகளில் இருந்து 34 ரகம் வாங்கினார். உடனே சோதனையில் இறங்கலை. இரண்டு வருடம் வெறுமனே வளர்த்துப் பார்த்தார். விதைத்தால் அதே மாதிரிதான் வருகிறதா என்று பார்க்கத்தான். அதில் தேறியவற்றில் இருந்து 22 ரகத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். சோதனைக்கு முன்னாடி பொருளைச் சரி பார்ப்பது என்றால் இதுதான். நான் மணி டப்பாவில் 50 இருக்கான்னு கூட எண்ணிப் பார்க்கலை.

கலப்பு செய்யும் முறையைக் கேளுங்க. பூ முழுசா மலரும் முன்னாடியே மொட்டைத் திறக்கணும். படகு அல்லியை விலக்கி, உள்ளே இருக்கிற மகரந்தத் தாள்களை இடுக்கியால் ஒவ்வொன்றா எடுக்கணும். அப்புறம் வேற ரகப் பூவின் மகரந்தத்தைச் சூலகமுடியில் தடவணும். செம்பருத்திப் பூவில் மகரந்தத் தாளைப் பிரிக்கச் சொன்னப்போ எத்தனை பூவை நாசம் பண்ணினேன்னு எனக்குத்தான் தெரியும். பட்டாணி மொட்டு அதை விட எவ்வளவு சின்னது! அவர் 1856 முதல் 1863 வரை இதைச் செய்தார். வளர்த்த செடிகள் சுமார் 28,000 என்று கணக்கிடுகிறாங்க.

இன்னொரு விஷயம். ஒருவேளை பூச்சிகள் வந்து மகரந்தத்தைக் கலந்துட்டால்? அதற்காகச் சில செடிகளைத் தொட்டியில் வளர்த்து, பூக்கும் சமயத்தில் கண்ணாடி வீட்டுக்குள் வைத்தார். வெளிச் செடிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான். நம்ம பிராக்டிகலில் கட்டுப்பாட்டுச் சோதனை என்று ஒன்று வைக்கச் சொல்வாங்களே, அதேதான். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட செடிகளைப் பார்த்ததில் வெளி மகரந்தம் கலந்தது மிகச் சிலவற்றில்தான் என்றும், அதற்குப் பட்டாணி வண்டு காரணமாக இருக்கலாம் என்றும் மறைக்காமல் எழுதி வைத்தார்.

அவர் நோட்டிலும் 3:1 வரலை!

என்னைத் தூக்கிவாரிப் போட்ட இடம் இதுதான்.

உருண்டை விதைப் பட்டாணியையும் சுருங்கிய விதைப் பட்டாணியையும் கலந்தார். முதல் தலைமுறையில் எல்லாமே உருண்டை. சுருக்கம் காணாமல் போச்சு. அந்தக் கலப்பினச் செடிகளைத் தானாகவே காய்க்க விட்டார். 253 செடியில் இருந்து 7,324 விதை. உருண்டை 5,474, சுருங்கியது 1,850. போன சுருக்கம் திரும்பி வந்துட்டது! வகுத்துப் பாருங்க, 2.96. விதை நிறத்தில் 8,023 விதை. மஞ்சள் 6,022, பச்சை 2,001. வகுத்தால் 3.01. இப்படி ஏழு பண்புகளைப் பார்த்தார். ஒன்றில் கூட மிகச் சரியா 3 வரலை. எல்லாமே 3-க்குப் பக்கத்தில்தான்.

இது மொத்தக் கணக்கு. தனித்தனிச் செடியைப் பார்த்தால் இன்னும் ஆச்சரியம். முதல் பத்துச் செடிகளின் எண்ணிக்கையைக் கட்டுரையில் அப்படியே கொடுத்திருக்கார். நான்காவது செடியில் 19 உருண்டை, 10 சுருங்கியது. என் 26:14 போலவே இல்லையா? இன்னொரு செடியில் 43 உருண்டைக்கு 2 மட்டும் சுருங்கியது. வேறொன்றில் 14 உருண்டை, 15 சுருங்கியது! உருண்டைதான் ஓங்கு பண்புன்னு சொல்லிட்டு, சுருங்கியது அதிகமா வந்த செடியையும் எடுத்துக் காட்டியிருக்கார்.

அவர் என் மாதிரி பயந்து அந்தச் செடியைக் கணக்கில் இருந்து தூக்கியிருந்தால்? தூக்கலை. ஒரு செடியில் எண்ணினால் தப்பா தோன்றும், ஆயிரக்கணக்கில் எண்ணினால் விதி வெளியே வரும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஒரு சோதனையில் 2:1 எதிர்பார்த்த இடத்தில் 60:40 வந்தது. எதிர்பார்த்ததில் இருந்து அதிகமா விலகியது அதுதான். அவர் அந்த எண்ணை மாற்றி எழுதலை. சோதனையைத் திரும்பச் செய்தார். 65:35 வந்தது. இரண்டு எண்ணையும் எழுதி வைத்தார். ஒத்து வராவிட்டால் மறுபடி செய், பழையதை அழிக்காதே. நம்ம அட்டையில் உள்ள அதே விதி!

கேட்க ஆள் இல்லை

1865 பிப்ரவரி 8, மார்ச் 8 ஆகிய இரண்டு நாள் ப்ரூன் இயற்கை அறிவியல் சங்கக் கூட்டத்தில் தன் முடிவுகளைப் படித்தார். 1866-இல் அச்சிலும் வந்தது. 40 பிரதி தனியாக வாங்கிப் பெரிய பெரிய அறிஞர்களுக்கு அனுப்பினார். மியூனிக் நகரத் தாவரவியல் பேராசிரியர் நேகெலி மட்டும்தான் தொடர்ந்து கடிதம் எழுதினார். அவருக்கும் இதன் அருமை புரியலை.

நேகெலிக்குப் பிடித்த ஹைரேசியம் என்ற மஞ்சள் பூச்செடியில் மெண்டல் சோதனை செய்தார். அதன் பூக்கள் ரொம்பச் சின்னது. கண்ணாடியும் லென்சும் வைத்து வெளிச்சத்தைக் குவித்துப் பார்த்துப் பார்த்து அவர் கண்ணே கெட்டுப் போகிற நிலைக்கு வந்தது. சில காலம் வேலையை நிறுத்த வேண்டி வந்தது. மைக்ரோஸ்கோப் விதியைக் கிண்டல் பண்றவங்க கவனிக்கவும்! அவ்வளவு பாடுபட்டும் பட்டாணியில் வந்த முடிவு இதில் வரலை. ஹைரேசியம் பெரும்பாலும் மகரந்தச் சேர்க்கை இல்லாமலே விதை உண்டாக்கும் என்பது பிற்காலத்தில்தான் தெரிந்தது. தனக்குச் சாதகமா இல்லாத அந்த முடிவையும் அவர் சங்கத்தில் படித்து வெளியிட்டார்.

நம்ம வீட்டு வாசலில் சாயங்காலம் பூக்கிற அந்திமந்தாரை இருக்கே, அதிலும் சோதனை செய்திருக்கார். ஒரே ஒரு மகரந்தத்தூளை மட்டும் வைத்தால் விதை உண்டாகுமா என்று பார்த்தார். உண்டாச்சு!

1868-இல் மடத்துத் தலைவர் ஆனார். நிர்வாக வேலை, அரசாங்கத்தோடு வரி வழக்கு என்று காலம் போச்சு. தேனீயும் வானிலைக் குறிப்பும் மட்டும் கூடவே இருந்தது. 1884 ஜனவரி 6-ஆம் நாள் சிறுநீரக நோயால் இறந்தார். வயது 61. நல்ல மடத்துத் தலைவர் போயிட்டார்னு ஊர் அழுதது. பெரிய விஞ்ஞானி போயிட்டார்னு அழ ஒருத்தரும் இல்லை.

1900-இல் டி வ்ரீஸ், காரென்ஸ், செர்மாக் என்ற மூன்று பேர் தனித்தனியாகச் சோதனை செய்து, பழைய நூல்களைப் புரட்டினால், 34 வருடம் முன்பே ஒரு துறவி இதை எழுதி வைத்திருக்கார்! அதற்குப் பிறகுதான் உலகம் அவரை மரபியலின் தந்தை என்றது. 1990-இல் சுருங்கிய விதைக்குக் காரணமான ஜீனையே கண்டுபிடித்தாங்க. ஸ்டார்ச்சைக் கிளை பிரிக்கும் ஒரு நொதி அதில் வேலை செய்வதில்லை. அதனால் ஸ்டார்ச் குறைந்து சர்க்கரை கூடி, விதை தண்ணீரை அதிகமா இழுத்துக்கொள்கிறது. காயும்போது சுருங்கிப் போகிறது.

எரிந்து போன நோட்டுகள்

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் சந்தோஷமா கையெழுத்துப் போட்டிருப்பேன். இன்னும் ஒன்று இருக்கு.

1936-இல் ஃபிஷர் என்ற புள்ளியியல் அறிஞர் மெண்டலின் எண்களைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். தனித்தனியாக அல்ல, எல்லாவற்றையும் சேர்த்து. எதிர்பார்த்த விகிதத்துக்கு அந்த எண்கள் அளவுக்கு மீறிப் பக்கத்தில் இருப்பதாகச் சொன்னார். யாராவது உதவியாளர் எண்ணைத் திருத்தியிருக்கலாமோ என்று கூடச் சந்தேகப்பட்டார். அன்றிலிருந்து பல வருடமாக இந்த விவாதம் நடக்குது. மெண்டல் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்பதற்கு ஆதாரம் இல்லை. அவர் கண்ட விதி சரி என்பதிலும் சந்தேகம் இல்லை. பல நாட்டில் பல பேர் செய்து பார்த்து உறுதி செய்திருக்காங்க.

ஆனால் அவர் தோட்டத்தில் நின்று எழுதிய குறிப்பு நோட்டுகள் இருந்தால் ஒரு நாளில் தீர்ந்திருக்கும் விவாதம் இது. அவை இல்லை. அவர் இறந்த பிறகு மடத்தில் அவருடைய காகிதங்களை எரித்துட்டாங்க. அவ்வளவு நேர்மையா உழைத்த மனிதருக்காகச் சாட்சி சொல்ல அச்சிட்ட கட்டுரை மட்டும்தான் மிச்சம்.

இதைப் படிச்சப்போ எனக்கு அந்தக் கிழிந்த பக்கம்தான் ஞாபகம் வந்தது. அவருடைய நோட்டை யாரோ எரித்தாங்க. என் நோட்டை நானே கிழிச்சேன்.

நல்ல காலம், அந்தக் காகிதம் என் பையின் அடியில் கசங்கிக் கிடந்தது. எடுத்து நீவி, பசை தடவி, அதே இடத்தில் ஒட்டிட்டேன். 30:10-ஐ ஒரே கோட்டில் அடித்துவிட்டுப் பக்கத்தில் 26:14 என்று எழுதினேன். வகுப்பில் எல்லாரும் மறுபடி செய்தோம். 30 பேரின் கணக்கையும் கரும்பலகையில் கூட்டினோம். 1,200 தடவையில் 889 ஓங்கு, 311 ஒடுங்கு. வகுத்தால் 2.86. புத்தகம் சொன்ன 3-க்குப் பக்கத்தில் வந்துட்டோம்! யாரும் பொய் எழுதாமல் வந்த 3 அது. வகுப்பே கை தட்டினது.

நோட்டில் கையெழுத்து கிடைச்சுது. ஒட்டின பக்கத்திலும் ஒரு கையெழுத்து.

அடுத்த வருடம் லேப்புக்கு வரப்போகிற தம்பி தங்கைகளே! உங்க விடை புத்தகத்தோடு ஒத்துப் போகலைன்னா பயப்படாதீங்க. எழுதி வையுங்க. திரும்பச் செய்யுங்க. பக்கத்துப் பெஞ்சோடு சேர்த்துக் கூட்டிப் பாருங்க. பக்கத்தை மட்டும் கிழிக்காதீங்க.



இப்படிக்கு,
பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி